செப்டம்பர் கவாத்து

துளிர் விட்டிருந்தது. வெட்டிய கணு ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவில் ஒரு முளை. சிலவற்றில் இளஞ்சிவப்பு ஓரம் கட்டிய குட்டி இலைகூட விரிந்துவிட்டது. பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்க, பின்புற இரும்புப் படியில் நின்று பார்த்த அகிலனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன் கைபட்ட கொடி, மொன்றியல் என்பதற்காகத் துளிர்க்காமல் போய்விடுமா என்ன?

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் அந்த வீட்டின் மேல்மாடியில் அவன் குடிவந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கீழே வீட்டுக்காரர்கள், போர்த்துக்கல்லிலிருந்து வந்த வயதான தம்பதி, அர்மிண்டோவும் அல்சீராவும். பின்முற்றம் முழுக்க ஒரே ஒரு திராட்சைக் கொடி. தொடை கனத்துக்கு அடிமரம், அதன்மேல் இரும்புக் குழாய்ப் பந்தல். போர்த்துக்கல்லின் டோரு ஆற்றங்கரையிலிருந்து அர்மிண்டோ ஈரத்துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த குச்சி அது. அவருக்கு அந்தக் கொடி பிள்ளை மாதிரி. ஆகஸ்டில் இடுப்பு எலும்பு மாற்று அறுவைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர், அங்கிருந்து தொலைபேசியில் முதலில் விசாரித்தது கொடியை. மனைவியை அதற்குப் பிறகுதான்.

அல்சீரா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கை வீட்டில் போய் இருந்துகொண்டார். போகும்போது சைகையும் பிரெஞ்சுமாக அகிலனிடம் கேட்டது இவ்வளவுதான்: பழத்தைப் பறித்து நிலவறைக் கூடையில் வைத்துவிடு. அவனும் ஏணி வைத்துப் பறித்தான். பறித்தவன் சும்மா இருந்திருக்கலாம். அறுப்பு முடிந்த பந்தலை இலையும் தழையுமாக அப்படியே விட்டுவிட அவன் கை ஒப்பவில்லை. அவன் ஊரில் அறுப்பு முடிந்தால் அடுத்தது கவாத்து. கிளைகளைக் கழித்து மொட்டையாக விட்டால்தான் கொடி அடுத்த காய்ப்புக்குத் தயாராகும். பெரியவர் இடுப்பொடிந்து கிடக்கிறார், நாம் செய்து வைத்தால் வந்து பார்த்து மகிழ்ந்து போவார் என்று, அந்தச் சனிக்கிழமையே கத்தரியைத் தீட்டிக்கொண்டு ஏறிவிட்டான். இரவு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவரும் கேட்டது, "ரெண்டு கணு விட்டு வெட்டினியா?" என்றுதான். "ஆமாப்பா." "அப்பச் சரி. தண்ணியக் கட்டு." தகப்பனும் மகனும் பேசியதில் பனி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

இப்போது கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டைத் துடைத்து வைக்க அல்சீரா வந்திருந்தார். அகிலன் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடி, "மதாம், மதாம், வாங்க" என்று அவரைப் பின்முற்றத்துக்கு அழைத்துப் போனான். பரிசைத் திறந்து காட்டுகிறவனைப் போலப் பந்தலைக் காட்டினான்.

அல்சீரா நிமிர்ந்து பார்த்தார். வெறுங்குழாயைப் பார்த்தார். துளிரைப் பார்த்தார். கையிலிருந்த துடைக்கும் துணியை வாயில் பொத்திக்கொண்டு முற்றத்துத் தகர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மகிழ்ச்சியில் வரும் கண்ணீர் இல்லை அது என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அன்ரனுக்குப் போன் செய்தான்.

அன்ரன் மட்டக்களப்புக்காரர். இருபது வருஷமாக இந்த ஊரில் வாடகைக்கு வான் ஓட்டுகிறார். வார நாட்களில் அகிலனையும் இன்னும் நாலு கம்ப்யூட்டர்காரப் பிள்ளைகளையும் புவாண்ட்-கிளேரில் இருக்கும் அலுவலகத்துக்கு ஏற்றி இறக்குவார். சனி ஞாயிறில் விமான நிலையம், நயாகரா, கல்யாண வீடு, யார் எங்கே கூப்பிட்டாலும் போவார். பிரெஞ்சு தண்ணீர் மாதிரி வரும். போர்த்துக்கேயக் குடும்பங்களை ஏற்றி இறக்கிப் பழகியதில் அந்த மொழியும் பிடிபட்டிருந்தது. அடுத்த தெருதான், செருப்போடு வந்து சேர்ந்தார். அல்சீரா விம்மலுக்கு நடுவே சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறியது.

"தம்பி, நீர் என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீர்?"

"கவாத்து பண்ணேண்ணே. நல்லாத்தானே துளிர்த்திருக்கு?"

"அதுதான் பிரச்சினை. இஞ்ச சித்திரையிலதானாம் வெட்டுறது. இப்ப மரம் நித்திரைக்குப் போற நேரம். நீர் தட்டி எழுப்பி விட்டிருக்கிறீர். இன்னும் கொஞ்ச நாளில உறைபனி கொட்டும். துளிர் எல்லாம் ஒரே ராவில கருகும். இலை இல்லாம மரம் சாப்பாடு சேக்கவும் ஏலாது. குளிருக்குத் தாங்காமச் செத்துப் போகுமாம்."

அகிலன் பந்தலைப் பார்த்தான். அதே துளிர்கள்தான். ஆனால் இப்போது அவற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இன்னொண்டும் சொல்லுறா," என்றார் அன்ரன். "மனுசன் செவ்வாய்க்கிழமை வீட்டை வாறாராம். இதைக் கண்டால் அவருக்குப் புது இடுப்பு வச்சும் பிரயோசனம் இல்லையாம்."

அல்சீரா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போனார். கறுப்புக் கோட்டும் கைப்பையுமாகத் திரும்பி வந்து அன்ரனிடம் விறுவிறுவென்று ஏதோ சொன்னார்.

"என்னண்ணே சொல்றாங்க?"

"இந்தக் கொடியில இருந்து மனுசன் ஊரெல்லாம் பதியம் போட்டுக் குடுத்திருக்கிறாராம். லவாலில ஒண்டு, புவாண்ட்-கிளேரில ஒண்டு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில ஒண்டு. இது செத்தாலும் இதுக்குப் பிறந்த ஒண்டையாவது கொண்டு வந்து வைக்கவேணுமாம். இண்டைக்கே போகவேணுமாம்." அன்ரன் சாவிக்கொத்தைச் சுழற்றினார். "எனக்கு எயார்போர்ட் ஓட்டம் ஒண்டு இருந்தது. மச்சானைப் போகச் சொல்லுறன். ஏறும் தம்பி. வெள்ளைக்காரன் பிளேன் ஏறிப் போய்ப் பாக்கிற போர்த்துக்கல் வைன் நாட்டை உமக்கு நான் வானிலயே காட்டுறன். தனி வான், தனிச் சுற்றுலா!"

லவாலில் ஜில்பேர்த்து என்பவரின் வீடு. வீடு என்று சொன்னாலும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கார் கொட்டகைக்குள்தான். காரைத் தெருவில் விட்டுவிட்டு, கொட்டகை முழுக்கத் திராட்சைப் பெட்டி அடுக்கியிருந்தார். ஜான்-தலோன் சந்தையில் வாங்கிய கலிபோர்னியாப் பழம். பிழியும் இயந்திரத்தை இரண்டு மருமகன்கள் சுற்ற, தரையெல்லாம் ஊதாச் சாறு. புளித்த வாசனை மூக்கில் ஏறியது. மூலையில் கிடந்ததைக் காட்டி ஜில்பேர்த்து பெருமையாக "பீப்பா" என்றபோது அகிலன் திடுக்கிட்டான். அன்ரன் மொழிபெயர்க்காமலே புரிந்த முதல் போர்த்துக்கேயச் சொல்.

அல்சீரா விஷயத்துக்கு வர வாய் திறந்தார். ஜில்பேர்த்து கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் கோப்பை. பிறகுதான் பேச்சு.

காலை பத்து மணி. அகிலன் பின்வாங்கினான். "அண்ணே, வேணாம்னு சொல்லுங்கண்ணே."

"நான் வான் ஓடுறவன், எனக்குச் சாட்டு இருக்கு. உமக்கு என்ன சாட்டு? மரத்தைக் கொன்றவர் நீர். குடியும்."

குடித்தான். போன வருஷத்து வைனாம். நாக்கில் நாவற்பழக் கறுப்பும் தொண்டையில் மிளகுக் காரமுமாக இறங்கியது. கூடவே சோளரொட்டியும் உப்புக் கருவாடும் வந்தன. எல்லாம் முடிந்த பிறகு ஜில்பேர்த்து அவர்களைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே அர்மிண்டோ கொடுத்த கொடியின் அடிமரத்தில் துணி காயப்போடும் கயிறு கட்டியிருந்தது. ஜில்பேர்த்து கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினார். உள்ளே காய்ந்த மண் நிறம்.

"கீறிப் பச்சையாய் இருந்தால் உயிர் இருக்கு, மண்ணிறமாய் இருந்தால் விறகு எண்டு சொல்லுறார்," என்றார் அன்ரன். "இது விறகாகி ரெண்டு மாரிக்குளிர் போயிட்டுதாம்."

பிறகு ஜில்பேர்த்து ஏதோ கேட்டார். அல்சீரா தோளைக் குலுக்கிக்கொண்டு பதில் சொன்னார். மருமகன்கள் உட்பட எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அல்சீரா மட்டும் சிரிக்கவில்லை.

வானில் ஏறியதும் அகிலன் கேட்டான். "என்னண்ணே சிரிச்சாங்க? என்னப் பத்தியா?"

"உம்மைப் பற்றி ஆர் கதைச்சது? இந்தக் காலத்தில வெட்டின பைத்தியம் ஆரெண்டு கேட்டார். அம்மா தான்தான் வெட்டச் சொன்னது எண்டு சொல்லிப்போட்டா."

அகிலன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏன் அப்படிச் சொன்னாங்க? கேளுங்கண்ணே."

அன்ரன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக் கேட்டார். அல்சீரா ஜன்னல் பக்கம் பார்த்தபடி பதில் சொன்னார். அன்ரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழாக்கினார்: "உம்மட பேரைச் சொன்னால் நாளைக்குப் பூசை முடிய மாதா கோயில் வாசலில எல்லாரும் உம்மைப் பற்றித்தான் கதைப்பினமாம். தன்னைப் பற்றி எப்படியும் கதைக்கினம்தானாம், அதோட இதுவும் ஒண்டாப் போகட்டுமாம்."

புவாண்ட்-கிளேரில் அவர்கள் இறங்கவே இல்லை. அகிலன் தினமும் வந்துபோகும் சாலைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு. கொடி நின்ற இடத்தில் புதிதாக வந்தவர்கள் நீச்சல் குளம் வெட்டியிருந்தார்கள். வேலிக்கு மேலாக நீலத் தண்ணீர் தெரிந்தது. "பச்சையும் இல்லை, மண்ணிறமும் இல்லை, நீலம்," என்றார் அன்ரன்.

மிச்சம் இருந்தது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. தீவின் மேற்கு முனை. அதைச் சொன்னதும் அல்சீரா கைப்பையைத் திறந்து மூடினார், மறுபடி திறந்து மூடினார்.

"அங்க இருக்கிறது பெர்னாண்டா எண்டு ஒரு மனுசி," அன்ரன் விளக்கினார். "அவவின்ட வைனைக் குடிச்சுப்போட்டு அர்மிண்டோ ஒருக்கா ஒரு கல்யாண வீட்டில, இது சலாதுக்கு வினாகிரியா விடத்தான் சரி எண்டு மைக்கில சொன்னவராம். அதுக்குப் பிறகு ரெண்டு வீடும் கதைக்கிறேல்லை. கொடி குடுத்தது அதுக்கு முந்தி."

"அப்ப வேணாண்ணே. திரும்பிடலாம். நானே பெரியவர்கிட்ட சொல்லிக்கிறேன்."

அன்ரன் அதை மொழிபெயர்த்தார். அல்சீரா முதல் முறையாகத் திரும்பி அகிலனை நேராகப் பார்த்தார். பிறகு வானின் முன்னால் கை நீட்டினார். போ.

பெர்னாண்டா சிவப்புக் கையுறையோடு கதவைத் திறந்தார். அல்சீராவை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தார். மூன்று பேரும் பின்தொடர்ந்தார்கள்.

அங்கே இருந்தது. வில்லரேயில் வெட்டும்வரை அகிலன் பார்த்த அதே இலை, அதே நெளிந்த அடிமரம், வீட்டின் தெற்குச் சுவரோடு படர்ந்து, தொட்டால் மணக்கும் கருநீலக் குலைகளோடு. தாயை உரித்து வைத்த மகள். அல்சீரா போய் ஓர் இலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

கொடியின் ஒரு கிளை கீழே வளைந்து ஒரு தொட்டி மண்ணுக்குள் புதைந்து மறுபக்கம் எழுந்திருந்தது. அகிலன் குனிந்து பார்த்தான். பதியம். வேர் பிடித்தாகிவிட்டது, தாயிடமிருந்து அறுத்தால் போதும். நாக்கு நுனிவரை வந்த "நான் அறுத்துத் தரவா" என்பதை விழுங்கிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அல்சீரா கேட்டார். பெர்னாண்டா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார். ஒரு குடுவையும் ஒரே ஒரு கோப்பையும் எடுத்துவந்தார். விளிம்புவரை ஊற்றி அல்சீராவிடம் நீட்டி, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"முழுக்கக் குடிச்சுப்போட்டு எப்படி எண்டு சொல்லட்டாம்," என்று அன்ரன் கிசுகிசுத்தார். "பொய் சொன்னால் தனக்குத் தெரியுமாம்."

அல்சீரா குடித்தார். பாதியில் நிறுத்தினார். புருவம் உயர்ந்தது. மிச்சத்தையும் மெதுவாகக் குடித்து முடித்தார். கோப்பையைத் திரும்ப நீட்டினார், இன்னும் ஊற்று என்று.

பெர்னாண்டா குடுவையைக் கீழே வைத்தார். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள். அன்ரன் மொழிபெயர்ப்பைக் கைவிட்டுவிட்டுக் குலையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பதியத்தோடு ஒரு யோசனையும் கிடைத்தது. வில்லரேக் கொடி தொலைந்தது என்று இப்போதே தலை முழுகாதீர்கள் என்றார் பெர்னாண்டா. இருக்கிற துளிர் உறைபனி வரும்வரை மரத்துக்குச் சமைக்கிறதைச் சமைக்கட்டும். அதன்பின் அடியில் மண் அணைத்து, மரத்தைச் சாக்கால் சுற்றி, மேலே இலைச்சருகு போட்டு மூடுங்கள். மேலே செத்தாலும் கீழே பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம்.

மாலை வெயில் சாய்ந்த நேரம் வில்லரேக்குத் திரும்பினார்கள். தொட்டியை அகிலன் மடியில் குழந்தையைப் போல வைத்திருந்தான். பக்கவாட்டுச் சந்து வழியாக முற்றத்துக்குள் நுழைந்த அல்சீரா நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

தகர நாற்காலியில் அர்மிண்டோ உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நடைச்சட்டம், ஆஸ்பத்திரிப் பை. கட்டில் தட்டுப்பாடென்று இன்றே அனுப்பிவிட்டார்கள். அல்சீராவின் தங்கை மகன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான். தலைக்குமேல் மொட்டைப் பந்தல்.

அல்சீரா வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று அகிலனுக்குத் தெரிந்துவிட்டது. தொட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்திக்கொண்டான். "மிசியே, நான். நான்தான் வெட்டினேன். மதாம் இல்லை." தெரிந்த பிரெஞ்சு அதோடு தீர்ந்தது.

அர்மிண்டோ அவனைப் பார்க்கவில்லை, பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு சொல் கேட்டார்.

"ஏனாம்," என்றார் அன்ரன்.

"எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சதும் வெட்டுவோம்ணே. வெட்டினா நாலு மாசத்துல திரும்பக் காய்க்கும். நல்லது செய்யறதா நெனச்சுத்தான்…"

அன்ரன் சொல்லி முடித்ததும் அர்மிண்டோவின் தலை முதல் முறையாகத் திரும்பியது.

"நாலு மாசமோ எண்டு கேக்கிறார். வருசத்துக்கு எத்தினை தரமாம்?"

"ரெண்டு வருஷத்துக்கு அஞ்சு அறுப்பு எடுப்போம்."

"உம்மட அப்பா சொன்ன கதையோ, நீர் கண்ணால கண்டதோ எண்டு கேக்கிறார்."

"சத்தியமா நானே பறிச்சிருக்கேண்ணே!"

அர்மிண்டோ விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பிறகு தொடையில் ஓங்கி அடித்து, புது இடுப்பு நொந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டு அன்ரன் வாய்விட்டுச் சிரித்தார்.

"தங்கட ஆக்கள் அந்தக் காலத்தில கப்பலேறி உங்கட பக்கம் வந்து மிளகைத் தேடிக்கொண்டு திரிஞ்சவங்களாம், மடையங்கள். ரெண்டு வருசத்தில அஞ்சு தரம் காய்க்கிற மண்ணை விட்டுட்டு வந்திட்டாங்களாம்!"

அகிலனுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரிக்காமல் இருந்ததே நல்லதாயிற்று. ஏனென்றால் அர்மிண்டோ உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து, தொட்டியிடம் வந்தார். இலையைத் தடவினார். யார் வீட்டது என்று கேட்காமலே தெரிந்துகொண்டார். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அல்சீரா சொன்னார்: "அவள் வைன் நன்றாகத்தான் இருக்கிறது. உன்னுடையதைவிட." தொட்டியைக் குளிர்காலம் முழுக்க நிலவறையில் வை, பந்தலின் மறுகோடியில் பிறகு நடலாம் என்றார் அர்மிண்டோ. அடுத்ததாக அடிமரத்தைக் காட்டி அகிலனிடம் சொன்னதை அன்ரன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"வெட்டினது நீர். மூடுறதும் நீர். திறக்கிறதும் நீர். அதுக்குப் பிறகு கோவிக்கிறதோ இல்லையோ எண்டு தான் யோசிக்கிறாராம்."

முதல் உறைபனி இரவில் துளிர்கள் கருகின. மறுநாள் அகிலன் அடியில் மண் அணைத்தான். அந்த வேலையாவது அவன் ஊரிலும் இங்கும் ஒன்றுதான். சந்தையில் கேட்டு வாங்கிய வெங்காயச் சாக்கால் மரத்தைக் கீழிருந்து மேலாகச் சுற்றினான். தெருவிலிருந்து மேப்பிள் சருகை மூட்டை மூட்டையாக அள்ளி வந்து கொட்டினான். ஜன்னலுக்குப் பின்னால் அர்மிண்டோ இன்னும் என்று கையசைத்துக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் பனியென்றால் பனி, படிக்கட்டுக் கைப்பிடி மறையும் அளவுக்குக் கொட்டியது. அப்பா போனில், "அந்தக் கொடி என்னடா ஆச்சு?" என்று கேட்கும்போதெல்லாம் அவன், "போர்வை போத்தித் தூங்குதுப்பா" என்றான். "நானும்ல உன்னத் தண்ணியக் கட்டச் சொன்னேன்," என்று அவரும் ஒவ்வொரு தடவையும் வருத்தப்பட்டார்.

சித்திரை பிறந்து இரண்டாம் சனிக்கிழமை, வேலியோரம் அழுக்குப் பனி இன்னும் கிடந்தது. அகிலன் சருகை ஒதுக்கிச் சாக்கை அவிழ்த்தான். அர்மிண்டோ கைத்தடியோடு பக்கத்தில் நின்றார். அல்சீரா படியில்.

பந்தல்மேல் படர்ந்த கிளையை நகத்தால் கீறினான். மண்ணிறம். அடுத்த கிளை. மண்ணிறம். தோள் உயரத்தில் அடிமரம். மண்ணிறம். அர்மிண்டோவின் கைத்தடி தரையில் ஒருமுறை தட்டியது. இடுப்பு உயரம். அதுவும் மண்ணிறம். அகிலன் ஈர மண்ணில் மண்டியிட்டு, அணைத்த மண்ணை விரலால் தோண்டி விலக்கி, முழங்கால் உயரத்துக்கும் கீழே பட்டையைக் கீறினான்.

பச்சை.

இன்னொரு பக்கமும் கீறினான். அங்கேயும். அர்மிண்டோ குனிய முடியாமல் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிடித்த கை இறுகியது. எடுக்கவே இல்லை.

"இனி மேலே இருக்கிறதையெல்லாம் எடுக்கணும்," என்றான் அகிலன். குளிர்காலம் முழுக்கக் கீழ்வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பழகிய பிரெஞ்சு அது. "இப்போ வெட்டலாம்தானே?"

இப்போதுதான் வெட்ட வேண்டும் என்றார் அர்மிண்டோ. தன்னால் ஏணி ஏற முடியாது என்றும் சொன்னார். கத்தரி எங்கே என்று மனைவியைக் கேட்டார்.

அல்சீரா படியிலிருந்து அசையவில்லை. செப்டம்பரிலிருந்து கத்தரியை யாரும் பார்த்திருக்கவில்லை. கடைசியில் உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம், பிறகு இன்னொரு பூட்டு திறக்கும் சத்தம். துணியில் சுற்றிய கத்தரியோடு இறங்கி வந்து அகிலனிடம் நீட்டினார். அவன் ஒரு பிடியைப் பற்றினான். மறுபிடியை அவர் விடவில்லை.

"எங்கே வெட்டுவாய்? முதலில் காட்டு."

அகிலன் விரலால் காட்டினான். பச்சை தெரிந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே. அல்சீரா கணவரைப் பார்த்தார். அர்மிண்டோ கொஞ்சம் யோசித்து, அவன் விரலைப் பிடித்து இன்னும் இரண்டு அங்குலம் மேலே தள்ளி வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகுதான் அல்சீரா கையை விட்டார்.